ஒரு சிறு கோடு

காலை பத்து மணிக்கு
மணலியில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடி.
தண்ணித் தொட்டி ஓரமாக
தகரத் தொப்பி போட்டு நிற்கிறது மெஷின்.
ஒரு பகலும் ஓர் இரவும் காற்றைக் குடித்த தாளை
இடுக்கியால் எடுக்கிறேன்.
நேற்று வெள்ளை.
இன்று, பழைய பனியன் நிறம்.

கையால் தொடக்கூடாது.
விரல் பிசுக்குக்கும் எடை உண்டு.
லேபில் மூச்சை அடக்கிக்கொண்டு
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்துவேன்.
பின்னெடையில் முன்னெடையைக் கழித்து
உறிஞ்சிய கனமீட்டரால் வகுத்தால்
மிஞ்சுவது ஓர் எண்.
அந்த எண்ணுக்குத்தான் எனக்கு மாதம்
பதினாலாயிரத்து ஐநூறு. ஒப்பந்தம். பி.எஃப். கிடையாது.

தெருவில் எனக்குப் பெயர் 'காத்து டெஸ்ட்டு'.
மெட்ரோ லாரிக்குக் குடம் வரிசை போட்டபடி
தேசராணி கேட்பாள்:
"இன்னா காத்து டெஸ்ட்டு, இன்னிக்கு எவ்ளோ கீது?"
"எழுபத்தெட்டு."
"பாஸா, பெயிலா?"
"நூறு வரைக்கும் பாஸ்."
"எங்க எட்டு மாசக் கொயந்திக்கும் அதே நூறா?"
என் ரெஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை
நடுராத்திரி தாண்டி வந்தது வாசனை.
வாசனை என்பது தப்பான வார்த்தை.
மூக்குக்குள் யாரோ ஊசி கோத்தார்கள்.
ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு
தெரு மொத்தமும் மெயின் ரோட்டுக்கு ஓடியது.
ஒருவன் மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்,
தண்ணீர் தளும்பத் தளும்ப.
நடுவில் கரெண்டும் போனது.

காலையில் மாடியேறினேன்.
ஒன்று பத்துக்கு நின்றிருந்தது மெஷின்.
பதினாறு மணி நேரம் ஓடாத மாதிரி செல்லாது.
ஐம்பது நிமிஷம் குறைச்சல்.
விதியில் தப்பில்லை,
பரீட்சையில் நானே அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஓடியிருந்தாலும் பிடித்திருக்காது:
இது தூசிக்கான தாள்.
வாயுவைப் பிடிக்க வேறு குப்பி வேண்டும்.
இந்த மாடிக்கு அது ஒதுக்கப்படவில்லை.
கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன்.

மத்தியானம் மைக் வந்தது.
"ஒரே வரியில சொல்லுங்க மேடம், ஆபத்தா இல்லையா?"
"சொல்றதுக்குத் தரவு இல்ல" என்றேன்.
ராத்திரி ஏழு மணிக்குத் திரையின் அடியில் ஊர்ந்தது:
'ஆபத்து இல்லை: ஆய்வாளர்'.
ஆய்வாளர் என்று போட்டதில்
அம்மாவுக்கு ஒரே பெருமை.
தெருவில் இரண்டு நாள்
யாரும் என்னிடம் எண் கேட்கவில்லை.

தை மாதம் கல்யாண மண்டபத்தில்
கருத்துக் கேட்புக் கூட்டம்.
சரவிளக்குக்குக் கீழே புரொஜெக்டர்.
டீ, இரண்டு பிஸ்கட், வருடச் சராசரி.
'வரம்புக்குள்' என்று பச்சையில் எழுதியிருந்தது.
கோடுகள் சராசரியில் சேராது.
சேர்க்கவும் முடியாது,
கோட்டை எதனால் கூட்டுவது?

தேசராணி எழுந்தாள், குழந்தை இடுப்பில்.
"அந்த வெள்ளிக்கெயம இதுல எங்க கீது?"
அதிகாரி தாள்களைப் புரட்டினார்.
என்னைப் பார்த்தார்.
நான் போய் விரல் வைத்துக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்.
"இந்த இம்மாத்தூண்டுக்குள்ளயா
நாங்க அம்மாம் பேரும் ஓடுனோம்?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.
எனக்கு விரலை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் ரெஜிஸ்டரைத் திறந்தேன்.
கடைசிப் பத்தி, 'குறிப்பு'.
ஆறு வருஷமாக அது காலி.
அந்தத் தேதிக்கு நேரே எழுதினேன்:
நெடி. தெரு ஓடியது. நானும்.
கீழே இன்றைய தேதி, கையெழுத்து.

"குணவதி, இது அளவீடு இல்லம்மா" என்றார் சூப்பர்வைசர்.
"இல்ல சார். அதான் குறிப்புல போட்டேன்."
ரப்பரைத் தேடினார்.
நீல மசி.

பத்து மணி ஆகிவிட்டது.
புதுத் தாளோடு மாடியேறுகிறேன்.